கடைசி ஐந்து மீட்டர்

காங்கயம்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பட்டியலும் கிடைத்தன. பள்ளி நாட்டு நலப்பணித் திட்டக் குழுவில் நீங்கள் சிலர் சேர்ந்து நம் மாவட்டத்தில் ஒரு ஜியோகேச்சிங் (ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் எண் பார்த்துத் தேடுகிற விளையாட்டு) பாதை போடப் போகிறீர்கள், பெட்டிகளை எங்கெங்கே ஒளிக்கலாம் என்று சர்வேயர் வேலை பார்த்த பெரியப்பா சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பட்டியலில் மலைக்கோயில் இருக்கிறது, அணை இருக்கிறது, அருவி இருக்கிறது. பனியன் கம்பெனிச் சந்து இல்லை, பாத்திரப் பட்டறை இல்லை, மாடு மேய்கிற காடு இல்லை. 'உள்ளூர் மக்களைக் கொண்டாடும் பாதை' என்று தலைப்பு வைத்துவிட்டு, மக்கள் வேலை செய்கிற இடம் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி வைத்திருக்கிறாயே கண்ணு! அதனால் பெட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்.

2000-ஆம் ஆண்டு வரை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சைகையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டுகிற இடத்துக்கும் நீ நிற்கிற இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அந்த ஆண்டு மே 1-ஆம் தேதி அதிபர் கிளின்டன் அதை நிறுத்த உத்தரவிட்டார். ஒரே இரவில் உலகத்திலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பார்வை தெளிந்தது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, கவண், ஒரு டப்பா பீன்ஸ் என்று கைக்குக் கிடைத்த சாமான்கள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டு, கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வைத்துவிட்டு நோட்டில் பெயரெழுதிவிட்டு வரலாம் என்றார். மைக் டீக் என்பவர் முதலில் போய் எடுத்தார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே ஒரு இணையதளம் தொடங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

இதற்கும் மூத்தது ஒன்று உண்டு. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பொட்டல் மேட்டு நிலத்தில், 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குட்டை என்ற எட்டாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் அது பெட்டியாகி, பெட்டிக்குள் ரப்பர் ஸ்டாம்பு வந்தது. நடப்பவர்கள் அந்த முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்வார்கள். இதை உன் பாதைக்கு எடுத்துக்கொள். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த ஊர் அடையாளம் செதுக்கிய ஒரு ஸ்டாம்பு இருக்கட்டும். பொருளை எடுத்து வைக்கிற விளையாட்டில் நல்லதெல்லாம் சீக்கிரம் போய்விடும், உடைந்த பொம்மைதான் மிஞ்சும். முத்திரை தீராது.

இனி கணக்கு. உன் செல்போன் வானத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிலிருந்து நேரத்தை வாங்குகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் சைகை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள் கண்ணில் பட வேண்டும். நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். அத்தனை நுட்பமான சங்கதியை நம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

எழுதுகிற முறையில் கவனமாக இரு. ஜியோகேச்சிங்கில் டிகிரியும், நிமிடமும், நிமிடத்தின் மூன்று தசமமும் எழுதுவது வழக்கம். போனில் உள்ள மேப் பெரும்பாலும் டிகிரியையே தசமமாகக் காட்டும். 11 டிகிரி 30 நிமிடம் என்பது 11.5 டிகிரி. அதை 11.30 என்று போட்டுவிட்டால் 22 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பாய். அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர், ஒரு நிமிடம் 1.85 கிலோமீட்டர், நிமிடத்தின் மூன்றாவது தசமத்தில் ஒரு எண் என்பது 1.85 மீட்டர். தீர்க்கரேகையில் நம் ஊர்ப் பக்கம் ஒரு டிகிரி 109 கிலோமீட்டருக்கு வரும். திறந்த வெளியில் போன் காட்டுவதில் ஐந்து மீட்டர் முன்பின் இருக்கும். தென்னந்தோப்புக்குள்ளும் கம்பெனிச் சுவர்களுக்கு நடுவிலும் இன்னும் கூடும், ஏனென்றால் சைகை சுவரில் மோதித் திரும்பி வரும். அதனால் ஒரே தடவை அளந்து எழுதாதே. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வேறொரு நாள் இன்னொரு தடவை எடுத்துச் சராசரி போடு.

இந்த வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1802-இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், வடக்கு தெற்காக அளந்துகொண்டு வந்தபோது அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு நிலையம் அமைத்தார். நட்சத்திரங்களைப் பார்த்து அதன் அட்சரேகையை 10 டிகிரி 59 நிமிடம் 42 விநாடி என்று கணக்கிட்டார்கள். காங்கயத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுதான். கையில் போன் இல்லை, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் அவரை நினைத்துக்கொள்வேன். அவருக்குப் பின்னால் வந்த சர்வேயர்கள் நட்ட கல் இன்னும் வரப்போரங்களில் நிற்கிறது. ஒன்று சொல்லிவைக்கிறேன்: பெட்டி ஒளிக்கிறேன் என்று எந்தச் சர்வே கல்லையும் அசைத்துவிடாதே. அது குற்றம். அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து வரக் காரணமாகவும் ஆகும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். செயற்கைக்கோள் உன்னைக் கொண்டுவந்து விடுவது ஐந்து மீட்டர் தள்ளித்தான். அந்தக் கடைசி ஐந்து மீட்டரை யார் காட்டுவது? வெளிநாட்டுக் காட்டில் தேடுகிறவன் தானே மரப்பொந்தையும் கல்லிடுக்கையும் துழாவிக்கொள்வான். நம் ஊரில் யாருமில்லாத ஐந்து மீட்டர் கிடையாது. ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார், ஒரு டீக்கடை இருக்கும், ஒருவர் ஆடு ஓட்டிக்கொண்டு வருவார். "யாரைப் பார்க்கோணும் கண்ணு?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் கேள்வியை இடைஞ்சல் என்று நினைத்து ஒளிந்து தேடினால் இது வெறும் பெட்டி விளையாட்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, அவரிடமே ஒரு கேள்வி கேட்டால்தான் பெட்டி கிடைக்கும் என்று அமைத்தால், அதுதான் நீ போட்ட தலைப்புக்கு ஏற்ற பாதை. என் யோசனையெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

பாதையைத் திருமுருகன்பூண்டியில் தொடங்கு. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் வந்த சுந்தரரைச் சிவனின் பூதகணங்கள் வேடர்களாக வந்து வழிப்பறி செய்ததும், அவர் பாடியபின் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்ததும் இந்த ஊரில் என்பது கதை. புதையல் தொலைந்து கிடைத்த ஊர், உன் விளையாட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? ஆனால் பெட்டியைக் கோயிலில் வைக்காதே. அந்த ஊரில் கற்சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே போ. சிற்பி ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கவனி: சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். மணிபோலக் கணீரென்று ஒலித்தால் ஆண் கல், அது ஆண் தெய்வத் திருமேனிக்கு. ஓசை மென்மையாக வந்தால் பெண் கல், அம்மன் சிலைக்கு. ஓசையே எழாத கல் பீடத்துக்கும் தளத்துக்கும் போகும். சிற்ப மரபில் இது பழைய பகுப்பு. பட்டறைக்காரர் சம்மதித்தால் மூன்று கற்களை வரிசையாகப் போட்டு வைக்கச் சொல். "தட்டிப் பார், பீடத்துக்குப் போகிற கல் எதுவோ அதன் பின்னால் பார்" என்பது குறிப்பு. தேடி வருகிறவன் சிற்பியிடம் பேசாமல் இதை விடுவிக்க முடியாது.

அங்கிருந்து திருப்பூர் வருகிற வழியில் அனுப்பர்பாளையம். பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குப் பெயர்போன ஊர். தெருவில் நுழையும்போதே கொட்டுகிற சத்தம் கேட்கும். இங்கே ஸ்டாம்பில் ஒரு குடம் செதுக்கு. குறிப்பில் கண்ணுக்கு வேலை வேண்டாம், காதுக்குக் கொடு: எந்தத் தெருவில் சத்தம் தொடங்குகிறது என்று கேட்டு நடக்கட்டும்.

திருப்பூருக்குள் வந்தால் ரயில் நிலையத்துக்கு அருகே குமரன் நினைவிடம். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் தடியடி வாங்கி, 11-ஆம் தேதி உயிர் விட்டவர். இங்கே பெட்டி வேண்டாம், அவர் இறந்த ஆண்டே போதும். அதன் கடைசி இரண்டு இலக்கத்தை அடுத்த இடத்தின் நிமிடத் தசமத்தில் கடைசி இரண்டு எண்ணாகப் போடச் சொல். ஓர் இடத்தில் கிடைக்கிற பதிலை வைத்து அடுத்த இடத்துக்குப் போவதை மல்ட்டி கேச் என்பார்கள். பெட்டி வைக்க முடியாத இடத்தையும் இப்படிப் பாதையில் சேர்த்துவிடலாம்.

அடுத்தது ஒரு கம்பெனிச் சந்து. எந்தச் சந்து என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள், ஆனால் பனியன் எப்படி உருவாகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற சந்தாக இருக்கட்டும். நிட்டிங் மெஷினில் கோன்களிலிருந்து நூல் இறங்கி, வட்டமாக நிற்கிற ஊசிகளில் கோத்து, துணி அடியில் குழாயாகச் சுற்றி இறங்குவதைச் சன்னல் வழியாகவே பார்க்கலாம். அந்தத் துணி டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனை கை மாறுகிறது என்பதை ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் வை, ஆனால் வரிசையைக் கலைத்து வை. சரியாக அடுக்கினால்தான் அடுத்த எண் வரும். தெரியாதவன் பக்கத்தில் டீ குடிக்கிற டெய்லரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேலைநாளில் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறவரை நிறுத்திப் பேச வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனால் இன்னொன்றும் தெரியும். சந்தில் பாதிப் பேச்சு ஒடியாவும் இந்தியுமாக இருக்கும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு நம் மெஷின்களை ஓட்டுகிறார்கள். உள்ளூர் மக்கள் என்றால் பரம்பரையாகக் காடு வைத்திருப்பவர்கள் மட்டுமா? இந்த ஒரு பெட்டியில் குறிப்பை ஒடியாவிலும் எழுதி வை. எழுதத் தெரிந்தவர் அதே சந்தில் இருப்பார், கேட்டால் சந்தோஷமாக எழுதித் தருவார்.

ஊத்துக்குளி சாலையில் போனால் நஞ்சராயன் குளம். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு ஏறக்குறைய 126 ஹெக்டேர். இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து இங்கேயும் வந்திருக்கிறது. பனியன் நகரத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குளம் பிழைத்திருப்பதே பெரிய விஷயம். உள்ளே எதையும் ஒளிக்காதே. வன உயிரினச் சட்டம் பொருந்துகிற இடம், அதோடு கரையில் ஆள் துழாவினால் பறவை கூட்டை விட்டுப் போய்விடும். பெட்டியே இல்லாத கேச்சாக வை: கரையில் நின்று பத்து நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை எழுதி அனுப்பினால் அந்த இடம் முடிந்ததாகக் கணக்கு. ஊத்துக்குளியில் வெண்ணெய்க் கடைக்காரர் ஒருவரைச் சம்மதிக்க வைத்தால் ஸ்டாம்பைக் கடையிலேயே கொடுத்துவிடலாம். அதிகம் யோசிக்க வேண்டாம்.

பிறகு பாதை தெற்கே திரும்புகிறது. இடையில் நொய்யலைத் தாண்ட வேண்டும். இங்கே நீ ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் சேர்கிற ஆறு என்று அழகாக எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இதே ஆற்றில் 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கே உதவாமல் போனது. அணைக்குக் கீழே உள்ள உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்ற கட்டாயம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. ஆற்றங்கரையில் வைக்கிற பெட்டியில் இந்தக் கதையை அப்படியே எழுதி வை. சம்பாதித்துக் கொடுத்ததும் ஆற்றைக் கெடுத்ததும் ஒரே தொழில், வழக்குப் போட்டதும் வேலை செய்ததும் நம் மக்களே. ஊரைக் கொண்டாடுகிறவன் இதை மறைத்தால் ஊர்க்காரனே சிரிப்பான்.

காங்கயம் சாலையில் படியூர் வரும். கடல்நீர் நிறத்தில் கிடைக்கிற பெரில் கல்லுக்குப் பழைய காலத்திலிருந்தே பேர்போன ஊர். நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது, மணி செய்கிற பட்டறைகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அங்கே தேய்த்து மணியாக்கிய பெரில் படியூரிலிருந்து போயிருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. நூல் வாங்கித் துணியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு ஏறத்தாழ ரெண்டாயிரம் வருடத்துக்கு முன்பே, கல் வாங்கி மணியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிய பள்ளத்தாக்கு இது. இங்கே எர்த் கேச் பொருந்தும். 2004-இல் அமெரிக்க நிலவியல் சங்கம் தொடங்கிய முறை: பெட்டி கிடையாது, பாறையையோ மண்ணையோ பார்த்து ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். யாரும் எதையும் தோண்டக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடு.

அடுத்த எர்த் கேச் சிவன்மலை. இந்தக் குன்றின் பாறை ஊரைச் சுற்றியுள்ள மற்றப் பாறைகளைப் போன்றதல்ல. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1901-இல் இதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். இதில் குருந்தக்கல் கலந்திருக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் அந்தக் கனிமத்தின் வகைகள்தான். மேலே முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருப்பது உனக்குத் தெரியும். பக்தர் ஒருவர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூ கேட்டு உத்தரவானதும் அந்தப் பொருள் பெட்டிக்குள் வரும். அடுத்த பக்தருக்கு வேறு கனவு வரும் வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், சேலை என்று அன்றாடப் பொருள்கள் அதில் இருந்திருக்கின்றன. அதை நம்புகிறவர் நம்பட்டும், உன் விளையாட்டைக் கோயிலுக்குள் கொண்டுபோகாதே. இரண்டு விஷயத்தை மட்டும் அங்கே கற்றுக்கொள். முன்பின் தெரியாத ஒருவர் வைத்த சாதாரணப் பொருளைப் பார்க்க ஊரே மலையேறுகிறது. அதோடு, அந்தப் பெட்டி ஒளிவுமறைவில்லாமல் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது. உன் பெட்டியும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும், தேடி வருகிறவனுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும்.

கடைசி இடம் நம் பக்கத்துக் கொரங்காடு. நீ சின்ன வயதில் விடுமுறைக்கு வரும்போது பார்த்த மேய்ச்சல் காடுதான், ஆனால் இந்தத் தடவை வேலிக்குப் பக்கத்தில் போய்ப் பார். முள்கிளுவையை நெருக்கமாக நட்டு, கொம்பைக் கொம்போடு பின்னி வளர்த்திருப்பார்கள். ஆட்டுக்குட்டி நுழைகிற சந்துகூட இருக்காது. உள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மழை பெய்தால் புல், கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய். ஒரு காட்டில் புல் குறைந்ததும் படலைத் திறந்து மாட்டை அடுத்ததற்கு மாற்றுவார்கள், முதல் காடு மறுபடி தழைக்கும். மழை குறைந்த இந்தச் சீமையில் காங்கயம் மாடு நிமிர்ந்து நிற்பதற்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு இதுதான். எல்லோரும் மாட்டைப் படத்தில் போடுவார்கள், வேலியை யாரும் போட மாட்டார்கள். உன் ஸ்டாம்பில் வேலியைப் போடு. பெட்டியை மட்டும் வேலிக்குள் செருகாதே. நாலு பேர் கை விட்டுத் துழாவினால் வேலியில் சந்து விழும், ஆடு வெளியே போய்விடும். காட்டுக்காரரிடம் கேள், படலுக்குப் பக்கத்தில் அவர் காட்டுகிற இடத்தில் வை. படலைத் திறந்தவன் மூடிவிட்டு வர வேண்டும் என்பதைக் குறிப்பின் முதல் வரியாக எழுது.

அனுமதி விஷயத்தில் ஒரு சர்வேயராகச் சொல்கிறேன். 'புறம்போக்குத்தானே, யாரைக் கேட்க வேண்டும்?' என்று நினைக்காதே. நீர்நிலை, பாதை, மேய்ச்சல், நத்தம் என்று ஒவ்வொரு புறம்போக்குக்கும் பொறுப்பான அலுவலகம் உண்டு. புல எண்ணைத் தெரிந்துகொண்டு அரசு இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரியும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரை நேரில் பார். இரண்டிலும் ஊராட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பள்ளி முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். 1998 கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, கேட்பாரில்லாத பெட்டியைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த சீமை இது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, சந்தை, பள்ளி வாசல் எதிலும் பெட்டி கூடாது. உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற டப்பாவாக வாங்கி, மேலே 'பள்ளி மாணவர்கள் வைத்த விளையாட்டுப் பெட்டி, திறந்து பார்க்கலாம்' என்று பெரிதாக எழுது. எவர்சில்வர் சம்படம் வைத்தால் ஒரு வாரத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

ஜியோகேச்சிங் இணையதளத்தில் பதிய வேண்டுமானால் அதற்கும் விதிகள் இருக்கின்றன. நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது, இரண்டு பெட்டிக்கு நடுவில் 161 மீட்டராவது இருக்க வேண்டும். வெளியிடும் முன் ஒருவர் சரிபார்ப்பார். வைத்தவரே தொடர்ந்து போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. நம் ஊரில் கரையான் நோட்டைத் தின்னும், ஆடிக் காற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் நோட்டை ஜிப் கவரில் போடு, பேனா வேண்டாம், பென்சில் வை, பெட்டிக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக் கனமாக்கு. நீ மேற்படிப்புக்குப் போனபின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் முடிவு செய்துவிடு.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதே. கிணற்று மேட்டுப் பக்கம் பெட்டியே கூடாது. இங்கே பல கிணறு கைப்பிடிச் சுவரில்லாமல் பாறையில் ஆழமாக வெட்டியது, போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவன் விழுந்துவிடுவான். கல்லிடுக்கில் கையை விட்டுத் துழாவ வேண்டிய ஒளிப்பிடம் கூடாது, விரியன் இருக்கும். தரை மட்டத்திலிருந்து கொஞ்சம் உயரத்தில், பார்த்து எடுக்கிற இடத்தில் வை. ஒவ்வொரு பெட்டிக்கும் கண்டுபிடிக்கிற சிரமம், போய்ச் சேருகிற சிரமம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் போடுவார்கள். போய்ச் சேருவதில் 1 என்றால் சக்கர நாற்காலியில் வருகிறவரும் எட்ட முடிய வேண்டும். உன் பாதையில் அப்படி இரண்டு இடமாவது இருக்கட்டும். இது ஒரே நாளில் நடக்கிற தூரமல்ல, சைக்கிளுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் ஏற்றபடி பிரித்துவிடு. பங்குனி, சித்திரையில் யாரையும் வரச் சொல்லாதே. கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம்.

பெட்டி வைக்கிற இடங்களுக்குக் குறிப்பு எழுதுவதற்கு ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். எழுதி முடித்ததும், அந்த ஊரை ஒரு தடவையும் பார்க்காத ஒருவன் வீட்டிலிருந்தே இணையத்தில் தேடி விடையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார். முடியும் என்றால் கிழித்துப் போடு. 'பாலத்துக்கு இடப்பக்கம் மூன்றாவது கல்' என்பதற்கு ஊர் தேவையில்லை, ஸ்கேல் போதும். அங்கே போய் நின்றால்தான், ஒருவரைக் கேட்டால்தான் விடை வரும் என்கிற குறிப்பே தேறும். அந்த ஒருவரிடம் நீ முன்கூட்டியே பேசி, அவர் பெயரைச் சொல்லலாமா, எந்த நேரத்தில் வந்தால் தொந்தரவு இல்லை என்பதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். இப்படிக் கேட்டு அலைவதுதான் பெட்டி ஒளிப்பவரின் வேலையில் முக்கால்வாசி. மிச்சம் கால்வாசிக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது.

ஆகவே ஒரே மூச்சில் எல்லா இடத்தையும் தொடாதே. கொரங்காட்டில் ஒன்று, பூண்டியில் ஒன்று, இரண்டை மட்டும் முதலில் செய். இரண்டு இடத்திலும் அனுமதி வாங்கிக்கொண்டு, குறிப்பை எழுதி எனக்கு அனுப்பு. நான் இங்கே பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துத் தேட விடுகிறேன். அவன் யாரிடமும் பேசாமல் பெட்டியை எடுத்து வந்துவிட்டால் குறிப்பைத் திருத்தி எழுத வேண்டியது உன் பொறுப்பு. அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா